பாலும் திணையும்: மகளிர் மோதல் விளையாட்டுகளில் திருநங்கையர் பற்றிய விவாதம்

1

தமிழ் இலக்கணம் திணையையும் பாலையும் வேறுவேறாக வைத்தது. உலகப் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பிரிப்பது திணை. அவ்விரண்டையும் ஆண், பெண், பலர், ஒன்று, பல என ஐந்தாக வகுப்பது பால். இவ்வகுப்புகளின் எல்லையில் நின்று இலக்கணகாரரைச் சிந்திக்க வைத்தவை பேடு, பேடி, அலி முதலிய பெயர்களாகும். தொல்காப்பியர் இத்தகைய பெயர்களைக் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டார். அவற்றுக்கெனத் தனியான பாலீறு இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு, உயர்திணைக்குரிய ஈறுகளாலேயே அவை வழங்கும் என விதித்தார். நன்னூலார் இதனை மேலும் விரித்தார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால் எனவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் எனவும் அவர் வகுத்தார். இங்கே பாலை நிர்ணயிப்பது உடலுறுப்பு அன்று, உள்ளத்து அவாவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு சாராரும் அஃறிணையை ஒத்தும் வழங்கப்படலாம் என்பதற்கும் பவணந்தியார் இடம் விட்டுச் சென்றார். ஒரு கையால் பாலை வழங்கிய இலக்கணம் மறு கையால் திணையைப் பறித்துக்கொள்ளவும் வழிவிட்டது எனலாம். வழக்கில் இருந்ததையே அவர் பதிவு செய்தார் என்பது உண்மை. எனினும் அவ்வழக்கின் பின்னால் ஒரு சமூகத்தின் மனப்பாங்கு இருந்தது என்பதும் உண்மையே.

மகளிர் மோதல் விளையாட்டுகளில் திருநங்கையர் பங்குகொள்ளலாமா என்பது பற்றி உலகெங்கும் நடைபெற்றுவரும் விவாதத்தை நோக்குமிடத்து, இவ்விலக்கணப் பாகுபாடு நினைவுக்கு வருவது தவிர்க்கமுடியாதது. விவாதம் பால் பற்றியதாகத் தொடங்குகின்றது. பெரும்பாலும் திணை பற்றியதாக முடிந்துவிடுகின்றது. களத்தில் ஒருவர் எப்பிரிவில் நிற்கவேண்டும் என்ற வரையறுத்த வினா, அவர் மனிதராக மதிக்கப்படவேண்டியவர்தாமா என்ற வரையற்ற ஐயமாக உருமாறுகின்றது. இவ்வுருமாற்றம் எங்கு நிகழ்கின்றது, எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்த தம்புள்ளையின் ரங்கிரி விளையாட்டரங்கில் 2024 ஜூலை மாதம் மகளிர் ஆசியக் கிண்ணக் கிரிக்கெற் போட்டிகள் நடைபெற்றன. அம்மாதம் 28ஆம் திகதி நடந்த இறுதியாட்டத்தில் சமரி அத்தபத்துவின் தலைமையிலான இலங்கை அணி, இந்திய அணியை எட்டு விக்கெற்றுகளால் வென்று அக்கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. அரங்கை நிறைத்திருந்த மக்களுக்கு அது பெருமிதத்துக்குரிய நாள். ஆயின் அவ்வாடுகளத்தில் யார் பெண்ணாகக் கணிக்கப்படுவார் என்பது பற்றிய விதி, அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது என்பதை அங்கிருந்தோரில் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். 2023 நவம்பரில் சர்வதேச கிரிக்கெற் பேரவை, ஆணுக்குரிய பருவமடைதலின் எக்கட்டத்தையேனும் கடந்த எவரும், பின்னர் எத்தகைய சிகிச்சை பெற்றிருப்பினும், சர்வதேச மகளிர் ஆட்டங்களில் பங்குகொள்ள இயலாது எனத் தீர்மானித்தது. அதே ஆண்டில் ஒரு திருநங்கை கனடா அணிக்காகச் சர்வதேச ஆட்டங்களில் ஆடியிருந்தார். அவ்வாயில் அத்துடன் மூடப்பட்டது.

கிரிக்கெற் உடலோடு உடல் மோதும் ஆட்டமன்று. அதற்கே இத்துணைக் கண்டிப்பான விதி எழுந்ததெனின், குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, றகர், கபடி போன்றவற்றில் வினா இன்னும் கூர்மையடைவது இயல்பு. தம்புள்ளையின் வெற்றிக்கு நான்கு நாள்களின் பின், ஆகஸ்ட் 1ஆம் திகதி, பரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியாவின் இமானே கெலீவுடன் மோதிய இத்தாலிய வீராங்கனை அஞ்செலா கரினி 46 வினாடிகளில் போட்டியிலிருந்து விலகினார். உலகெங்கும் பெருங்கூச்சல் எழுந்தது. கெலீவ் ஒரு திருநங்கை எனப் பலர் எழுதினர், பேசினர். அவர் பிறப்பிலேயே பெண்ணாகப் பதியப்பட்டுப் பெண்ணாகவே வளர்ந்தவர், திருநங்கை அல்லர். அவரது தகுதி பற்றிய சர்ச்சை வேறு வகைப்பட்டது. 2023இல் சர்வதேச குத்துச்சண்டைச் சங்கம் ஒரு பாற்பரிசோதனையைக் காரணங்காட்டி அவரை விலக்கியிருந்தது. அச்சங்கத்தின் அங்கீகாரத்தை நீக்கியிருந்த சர்வதேச ஒலிம்பிக் குழுவோ அவரை அனுமதித்தது.

இந்நிகழ்ச்சி விவாதத்தின் முதற் குறைபாட்டைக் காட்டுகின்றது. இரு வேறு தொகுதியினர் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றனர். ஆண் உடலோடு பிறந்து, பெரும்பாலும் ஆணுக்குரிய பருவ மாற்றங்களைக் கடந்து, பின்னர் பெண்ணாக வாழ்பவர் திருநங்கையர். பெண்ணாகப் பிறந்து வளர்ந்து, நிறமூர்த்தத்திலோ ஓமோன் சுரப்பிலோ வேறுபாடு கொண்டிருப்போர் பிறிதொரு சாரார். பின்னவர் பலர் தம் உடலின் வேறுபாட்டைப் பரிசோதனை முடிவு வெளிவரும் வரை அறிந்திருப்பதுமில்லை. இவ்விருவரையும் வேறுபடுத்தாது நிகழும் எந்த வாதமும் அடித்தளமற்றது.

3

விளையாட்டில் மகளிர் பிரிவு எதற்காக அமைந்தது என்ற வினாவுக்கு விடை காணாமல் அதன் எல்லையை வரைய முடியாது. அப்பிரிவு எவரும் மனமுவந்து கொடுத்ததன்று. 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடியபின், அத்தூரம் பெண்ணுடலுக்கு ஏற்றதன்று எனக் கூறி அப்போட்டியை நீக்கினர். அது மீண்டும் இடம்பெற்றது 1960இலேதான். மோதல் விளையாட்டுகளில் காத்திருப்பு இன்னும் நீண்டது. மகளிர் ஜூடோ 1992இலும், மகளிர் மல்யுத்தம் 2004இலும், மகளிர் குத்துச்சண்டை 2012இலுமே ஒலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய போட்டிகளாயின. இவ்வரலாற்றை அறிந்த ஒரு வீராங்கனை தம் பிரிவின் எல்லை குறித்துக் கவலை கொள்வாராயின், அக்கவலையை வெறுப்பு என ஒதுக்குவது நேர்மையாகாது.

அப்பிரிவு நிலைபெற்றதற்கு உடலியற் காரணமும் உண்டு. பருவமடையுமுன் சிறுவர் சிறுமியரின் ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் வேறுபாடு சிறிதே. பருவத்தின்பின் ஆணுடலில் தெஸ்தெஸ்தெரோன் சுரப்பு பன்மடங்காகின்றது. உலக மெய்வல்லுநர் அமைப்பு எடுத்துக்காட்டிய அளவுகளின்படி, பெண்களில் அது லீற்றருக்கு 0.12 முதல் 1.79 நனோமூல் வரையும், ஆண்களில் 7.7 முதல் 29.4 வரையும் காணப்படும். இவ்விரு வீச்சுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இதன் விளைவாக எலும்பு நீள்கின்றது, தோள் விரிகின்றது, தசை பெருகுகின்றது, குருதியில் ஈமோகுளோபின் கூடுகின்றது. உயர்மட்ட ஓட்டத்திலும் நீச்சலிலும் இருபாலார் திறனுக்குமிடையே ஏறத்தாழ 10 முதல் 12 சதவீத இடைவெளி நிலவுகின்றது. குத்தின் வலுவில் இடைவெளி மிகப் பெரிது. அமெரிக்காவின் யூற்றா பல்கலைக்கழக ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், குத்தும் செயலை ஒத்த கையியக்கத்தில் ஆண்களின் சராசரி வலு பெண்களினதைவிட 162 சதவீதம் அதிகமாயிருந்தது.

ஓட்டத்துக்கும் மோதலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகின்றது. ஓட்டப் பந்தயத்தில் சமனின்மை ஏற்படின் இழக்கப்படுவது ஒரு பதக்கம். குத்துச்சண்டை மேடையிலும் றகர் மைதானத்திலும் சமனின்மை ஏற்படின், அடுத்தவரின் தாடையும் கழுத்தும் மூளையும் அதற்கு விலை கொடுக்கின்றன. எடைப்பிரிவு என்ற ஏற்பாடு இவ்வச்சத்திலேயே பிறந்தது. கபடியிலுங்கூட எடைக்கு வரம்பு விதிக்கப்படுவது இதனாலேயே. மோதல் விளையாட்டில் பிரிவு என்பது பெருமைக்கான பட்டமன்று. அது ஒரு காப்பு.

எனவே வகுப்பு ஒவ்வொன்றும் ஒரு பயனுக்காக அமைவது என்பது பெறப்படும். நன்னூலார் பாலை வகுத்தது சொல்லுக்குச் சரியான வினைமுடிபு தருவதற்காக. ஒரு திருநங்கையை 'வந்தாள்' என்பதால் வேறெவருக்கும் தீங்கில்லை. ஆகவே அவரது அவாவே அங்கு போதிய சான்று. சட்டம் பாலை வகுப்பது உரிமைகளை வழங்குவதற்காக. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் சுற்றுநிருபங்கள், உளமருத்துவர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவில் பாலை மாற்றிக்கொள்ள வழிசெய்தன. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் ஒருவர் தம் பாலை தாமே தெரிவிக்கும் உரிமையை ஏற்றது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பளித்தது. இவை யாவும் தத்தம் பயனுக்கு ஏற்ற வகுப்புகள். இவற்றுள் எதுவும் குத்துச்சண்டை மேடையைக் கருதி எழுதப்பட்டதன்று. அதுபோலவே, மேடையைக் கருதி எழுதப்பட்ட விதி எதுவும் மணப்பந்தலையும் வாக்குச்சாவடியையும் ஆளமுடியாது.

4

இவ்வடிப்படையில் இரு தரப்பு வாதங்களையும் மதிப்பிடலாம்.

திருநங்கையர் தடையின்றி அனுமதிக்கப்படவேண்டும் என்போரின் தலையாய வாதம், அவர்கள் பெண்களே. எனவே மகளிர் பிரிவு அவர்களுக்கும் உரியது என்பதாகும். இங்கு முதற் கூற்றிலிருந்து இரண்டாவது தானாகப் பிறப்பதில்லை. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணும் எண்பது கிலோ எடையுள்ள பெண்ணும் பெண்களே. எனினும் குத்துச்சண்டையில் அவர்கள் எதிரெதிரே நிற்பதில்லை. ஓமோன் சிகிச்சையால் முன்னைய வலு நீங்கிவிடும் என்பது அவர்களது அடுத்த வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்க விமானப் படையில் பணியாற்றிய திருநங்கையரின் உடற்றகுதிப் பதிவுகளை ஆராய்ந்து 2020இன் இறுதியில் வெளிவந்த ஆய்வொன்று, இரண்டாண்டுச் சிகிச்சையின்பின் தண்டால் போன்ற பயிற்சிகளில் அவர்களது மேம்பாடு மறைந்தது எனக் கண்டது. ஆனால் அதே ஆய்வில், ஓட்டத்தில் அவர்கள் ஏனைய பெண்களைவிட அப்போதும் 12 சதவீதம் வேகமாகவே ஓடினர். ஓராண்டுச் சிகிச்சையால் தசையில் ஏறத்தாழ ஐந்து சதவீதமே குறைகின்றது எனப் பிறிதோர் ஆய்வுத் தொகுப்பு கூறிற்று. எலும்பின் நீளமோ எச்சிகிச்சையாலும் குறைவதில்லை.

மறுதரப்பின் வாதங்களும் மாசற்றவையல்ல. 2020 ஒக்ரோபரில் உலக றகர் அமைப்பு, சர்வதேச விளையாட்டுச் சம்மேளனங்களுள் முதன்முதலாகத் திருநங்கையரை மகளிர் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலக்கியது. ஆணுக்குரிய பருவத்தைக் கடந்த ஒருவர் மோதிப் பிடிக்கும்போது பெண்ணுக்குக் காயம் ஏற்படும் ஆபத்து 20 முதல் 30 சதவீதமாவது அதிகம் என்பது அது முன்வைத்த காரணம். இவ்வெண்கள் பெரும்பாலும் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டுப் பெறப்பட்டவை; சிகிச்சை பெற்று றகர் ஆடிய திருநங்கையரைத் தொடர்ந்து கவனித்துப் பெறப்பட்டவையல்ல. மேலே குறிப்பிட்ட யூற்றா ஆய்வுக்கும் இது பொருந்தும். இதனால் ஆபத்து இல்லை என்றாகிவிடாது. அதன் அளவு துல்லியமாக நிறுவப்படவில்லை என்பதே பொருள். துல்லியமற்ற சான்றைத் துல்லியமானதாகக் காட்டும் பழக்கம் நியாயமான ஒரு நிலைப்பாட்டையும் பலவீனப்படுத்திவிடும்.

தனி நிகழ்ச்சிகளை ஆயுதமாக்கும் வழக்கம் இரு தரப்பாருக்கும் பொதுவானது. அமெரிக்காவில் கலப்புத் தற்காப்புச் சண்டையில் ஈடுபட்ட ஃபாலன் ஃபொக்ஸ் என்ற திருநங்கையுடன் 2014இல் மோதிய பெண்ணொருவரின் கண்குழி எலும்பு முறிந்ததை ஒரு சாரார் மீண்டும் மீண்டும் எடுத்துரைப்பர். அதே ஃபொக்ஸ் 2013இல் வேறொரு பெண்ணிடம் தோல்வியுற்றதை மற்றச் சாரார் எடுத்துரைப்பர். எலும்பு முறிவு அவ்விளையாட்டில் பெண்களுக்கிடையிலும் நேர்வதே. தோல்வியும் எவர்க்கும் நேர்வதே. ஒரு சண்டை ஒரு விதியாகாது.

விதி வகுத்த நிறுவனங்களின் போக்கிலும் தடுமாற்றம் தெரிகின்றது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2003இல் அறுவைச் சிகிச்சையையும் இரண்டாண்டு ஓமோன் சிகிச்சையையும் நிபந்தனையாக்கியது. 2015இல் அறுவைச் சிகிச்சையைக் கைவிட்டுத் தெஸ்தெஸ்தெரோன் அளவு ஓராண்டுக்கு 10 நனோமூலுக்குக் கீழ் இருந்தாற் போதும் என்றது. பெண்களின் மேல்வரம்பைப்போல் ஐந்து மடங்குக்கும் கூடிய எண் அது. 2021இல் எவருக்கும் மேம்பாடு உண்டு என முன்கூட்டியே கொள்ளலாகாது எனக் கூறி, பொறுப்பை ஒவ்வொரு விளையாட்டின் சம்மேளனத்திடமும் விட்டது. அதன்பின் காற்று எதிர்த்திசையில் வீசிற்று. நீச்சல் 2022இலும், மெய்வல்லுநர் போட்டிகள் 2023இலும் தம் மகளிர் பிரிவுகளை வரையறுத்துக்கொண்டன. 2025இல் உலக மெய்வல்லுநர் அமைப்பும் உலகக் குத்துச்சண்டை அமைப்பும் பரம்பரையலகுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே கேள்விக்கு இத்தனை விடைகள் தரப்பட்டமை, விடைகளுள் சில சான்றைவிடக் காலத்தின் மனநிலையையே பின்பற்றின என்பதை உணர்த்தும்.

5

இவ்விவாதத்தில் தமிழுலகத்துக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி சாந்தி சௌந்தரராஜனுடையது. அவர் திருநங்கை அல்லர். ஓட்டம் மோதல் விளையாட்டுமன்று. ஆயினும் பால் பற்றிய ஒரு தீர்மானம் களத்தின் எல்லையைத் தாண்டினால் என்ன நேரும் என்பதை அவரது வாழ்க்கையைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளையில் உழைத்த பெற்றோருக்கு மகளாகப் பிறந்தவர் சாந்தி. 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் தூரத்தை 2 நிமிடம் 03.16 வினாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாள்களில் அவர் பாற்பரிசோதனையில் தேறவில்லை என்ற செய்தி உலகெங்கும் பரவியது, பதக்கம் பறிக்கப்பட்டது. அன்றைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி அவருக்கு அறிவித்திருந்த பதினைந்து இலட்சம் ரூபாவை வழங்கவே செய்தார். எனினும் பணத்தால் மீட்க இயலாத ஒன்று பறிபோயிருந்தது. ஊரும் உலகும் அவரைப் பார்த்த பார்வை மாறியது. 2007இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பின்னொரு காலத்தில், ஆசியப் பதக்கம் வென்ற அக்கால்கள் பெற்றோர் உழைத்ததுபோன்ற செங்கற்சூளையிலேயே கூலிக்கு நின்றன. 2013இல் பயிற்றுநருக்கான கல்வியை நிறைவு செய்து, பின்னர் தமிழ்நாட்டில் பயிற்றுநராகப் பணியேற்று, அவர் மீண்டெழுந்தமை அவரது மனவுறுதிக்குச் சான்று. அவரை வீழ்த்தியோரின் நியாயத்துக்குச் சான்றன்று.

அவரது தகுதி பற்றிய வினா எழுப்பப்படக்கூடாதது என்பதன்று இங்கு வாதம். அவ்வினா மருத்துவர் அறைக்குள், அவருக்கு விளங்கும் மொழியில், மேன்முறையீட்டுக்கு வழிவிட்டு, இரகசியமாக எழுப்பப்பட்டிருக்கலாம். 'இப்பிரிவில் ஓடமுடியாது' என்பது ஒரு தீர்மானம். 'இவள் பெண்ணே அல்லள்' என்பது வேறொரு தீர்மானம். முன்னையதைச் சொல்ல விளையாட்டு அமைப்புக்கு அதிகாரம் இருக்கலாம். பின்னையதைச் சொல்ல அதற்கு எவ்வதிகாரமும் இல்லை. ஆனால் செய்தியாளரின் தலைப்புகளில் பின்னையதே அச்சேறியது. நன்னூல் நூற்பாவின் இறுதியடி இருபத்தோராம் நூற்றாண்டிலும் உயிர்வாழ்ந்தது.

இத்தகைய அநீதிக்குப் பழைய வரலாறு உண்டு. 1966இல் புடாபெஸ்ற் நகரில் நடந்த ஐரோப்பிய மெய்வல்லுநர் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நிறுத்தப்பட்டனர். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் நிறமூர்த்தப் பரிசோதனை வந்தது. 1985இல் ஸ்பானிய வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ இப்பரிசோதனையால் விலக்கப்பட்டார். அவரது உடல் தெஸ்தெஸ்தெரோனுக்கு எதிர்வினையாற்றவே இயலாதது. எனவே அதனால் அவருக்கு எவ்வித மேம்பாடும் கிட்டியிருக்க முடியாது. இவ்வுண்மை ஏற்கப்பட்டு அவர் மீளச் சேர்க்கப்பட மூன்று ஆண்டுகள் சென்றன. 1996இல் அற்லாண்டாவில் பரிசோதிக்கப்பட்ட 3387 பெண்களுள் எண்மர் தேறவில்லை. அவ்வெண்மரும் இறுதியில் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். 1999இல் ஒலிம்பிக் குழு அப்பரிசோதனையைக் கைவிட்டது. பரிசோதனை எதனை அளக்கின்றதோ அதுவும், விதி எதனைத் தடுக்க விரும்புகின்றதோ அதுவும் ஒன்றாக இல்லாதபோது நேரும் விளைவு இது. கட்டாயப் பரிசோதனையை மீளக் கொணர்ந்தோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று.

வழிமுறையின் நேர்மை பற்றிய இக்கருத்தை நீதிமன்றங்களும் வலியுறுத்தியுள்ளன. ஒடிசாவைச் சேர்ந்த டுட்டீ சந்த் தொடுத்த வழக்கில், 2015இல் விளையாட்டுக்கான நடுவர் மன்றம் ஓமோன் அளவு பற்றிய அன்றைய விதியைப் போதிய சான்றின்மையால் இடைநிறுத்தியது. தென்னாபிரிக்காவின் காஸ்ரர் செமென்யா தொடுத்த வழக்கில், 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம், சுவிற்சலாந்து நீதிமன்றில் அவருக்கு முறையான விசாரணை கிட்டவில்லை எனத் தீர்ப்பளித்தது. விதி சரியா பிழையா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை. விதியை எதிர்ப்பவரின் குரல் முழுமையாகக் கேட்கப்படவேண்டும் என்பதையே நிலைநாட்டியது.

6

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு முடிவுக்கு வருதல் கூடும். முழு வளர்ச்சியடைந்தோர் உயர்மட்டத்தில் மோதும் விளையாட்டுகளில், ஆணுக்குரிய பருவத்தைக் கடந்தோரை மகளிர் பிரிவில் சேர்க்காதிருப்பதற்குப் பாதுகாப்பின்பாற்பட்ட வலுவான காரணங்கள் உள. அக்காரணங்களை முன்வைப்போரைக் கொடியோர் என்பது தவறு. ஆயின் அவ்விலக்கு அதன் பயன் எதுவரை செல்கின்றதோ அதுவரை மட்டுமே செல்லவேண்டும். பருவமடையாத சிறுவருக்கும், பொழுதுபோக்காக ஆடுவோருக்கும், உடல் மோதாத ஆட்டங்களுக்கும் அக்காரணங்கள் அதே வலுவோடு பொருந்துவதில்லை. அவற்றுக்குத் தனித்தனியே விடை காணவேண்டும்.

விலக்குவோருக்கு மற்றொரு கடமையும் உண்டு. 2022இல் கேரளத்தில் மாவட்ட மட்ட ஜூடோப் போட்டியில் மகளிர் பிரிவில் பங்குகொள்ள ஒரு திருநங்கை உயர்நீதிமன்றை நாடினார். திருநங்கையருக்கெனத் தனி ஏற்பாடு இல்லையாயின், அவர் தெரிந்தெடுத்த பிரிவில் அவரை அனுமதிக்கவேண்டியதே என்ற நோக்கில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு வழங்கியது. ஜூடோ நெருங்கிப் பற்றி வீழ்த்தும் விளையாட்டு. எதிரே நிற்கும் பெண்ணின் பாதுகாப்பு பற்றிய வினாவுக்கு அவ்வுத்தரவு முழு விடையாகாது. எனினும் அதன் அடிப்படைக் கருத்து புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு வாயிலை மூடுவோர் வேறொரு வாயிலைத் திறந்துவைக்கக் கடமைப்பட்டவர்கள். திறந்த பிரிவோ, எடையையும் வலுவையும் அடிப்படையாகக் கொண்ட பிரிவோ, மோதலைத் தவிர்த்த ஆட்ட முறையோ எதுவும் செய்யாமல் 'இங்கில்லை' என்று மட்டும் கூறுவது, 'எங்குமில்லை' என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

சர்வதேச கிரிக்கெற் பேரவையின் 2023ஆம் ஆண்டுத் தீர்மானம் உள்நாட்டு ஆட்டங்கள் பற்றிய முடிவை ஒவ்வொரு நாட்டின் சபைக்கும் விட்டுவிட்டது. ஆகவே தம்புள்ளை அரங்கில் சர்வதேச ஆட்டத்துக்கு விடை எழுதப்பட்டிருப்பினும், அதே மாவட்டத்தின் இறத்தோட்டையிலோ உக்குவெலையிலோ ஒரு பாடசாலை மைதானத்தில் எழக்கூடிய வினாவுக்கு அவ்விடை தானாகப் பொருந்தாது. அங்கு அவ்வினாவை முதலில் எதிர்கொள்பவர் நடுவர் மன்றத்து நீதிபதி அல்லர். விசிலோடு நிற்கும் ஓர் உடற்கல்வி ஆசிரியர். தலைமயிரைக் குறைத்து வெட்டிய, தோள் அகன்ற, வேகமாக ஓடும் தோட்டத்துச் சிறுமியொருத்தியைக் காட்டி, 'இவள் பெண்தானா?' என எதிரணியினர் கேட்கும் நாள் வரக்கூடும். விதிகள் முன்கூட்டியே எழுதப்படாத இடத்தில், அக்கேள்விக்குக் கூட்டத்தின் இரைச்சலே விடையளிக்கும். அவ்விரைச்சலால் திருநங்கையர் மட்டுமன்றி, விதி யாருடைய காப்புக்காக எழுதப்பட்டதோ அப்பெண்களே முதற்கண் பாதிக்கப்படுவர். சாந்தியின் வரலாறு உணர்த்துவது இதனையே.

இவ்விவாதத்தில் இறுதியாக வேண்டப்படுவது ஓர் இலக்கணத் தெளிவு. களத்தின் பயன் கருதிப் பாலை வகுக்கும் உரிமை விளையாட்டு அமைப்புகளுக்கு உண்டு. அவ்வகுப்பு சான்றோடும் அடக்கத்தோடும் செய்யப்படவேண்டும், சான்று மாறினால் மாறவும் வேண்டும். திணையை வகுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. பேடு என்றும் பேடி என்றும் சுட்டப்பட்டோரை உயர்திணையில் வைத்தபோது தொல்காப்பியர் அவர்களுக்கெனத் தனி ஈறு ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஈறு கிடைக்கவில்லை என்பதற்காக அவர்களைத் திணையிலிருந்து வெளியேற்றவுமில்லை. பொருத்தமான பிரிவு கிடைக்காத விளையாட்டு வீரரிடத்தும் உலகம் காட்டவேண்டிய குறைந்தபட்ச நீதி அதுவே.